வாய் திறக்காத வடிவு

என் மனைவியைப் பற்றி நான் ஒரு மின்நூல் எழுதி வெளியிட்டேன். அதில் அவள் ஒரு இடத்தில்கூட வாய் திறக்கவில்லை. தப்பு அதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வந்த எழவு.

வடிவு செத்து வருஷம் திரும்பப்போகிறது என்றபோது சொந்தக்காரர்கள் நினைவு மலர் பேச்சை எடுத்தார்கள். எங்கள் வெம்பக்குளத்தில் அது வழக்கம். யார் வீட்டில் யார் செத்தாலும் தலைத்திவசத்துக்கு ஒரு புத்தகம் அடித்து, பந்தியில் வெற்றிலைக்குப் பக்கத்தில் வைத்துக் கொடுப்பார்கள். எல்லாப் புத்தகமும் ஒரே புத்தகம். அச்சகத்தில் ஒரு மாதிரி வைத்திருக்கிறான். படத்தையும் பேரையும் மாற்றுவான். குடித்துச் செத்தவன் அதில் குன்றிலிட்ட விளக்கு. கந்துவட்டி வாங்கினவன் கருணைக்கடல். மாமியாரைப் பட்டினி போட்டவள் அன்னபூரணி. யாரும் படிப்பதில்லை. கைகழுவிவிட்டு வந்து ஈரத்தை அதில் துடைப்பார்கள்.

நான் பஸ் டெப்போவில் டயர் செக்‌ஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மொட்டை டயரை நல்ல டயர் என்று எழுதிக் கொடுத்துப் பழக்கமில்லை. நானே எழுதுகிறேன் என்றேன். போனைப் பார்த்துப் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. அட்டைக்கு ஒரு படம், ஆசிரியர் என்று ஒரு பேர், நாலு வரி அறிமுகம், கடைசியில் ஒரு பொத்தான், அச்சகக்காரன் மூஞ்சியில் முழிக்க வேண்டாம், இணையக் கடையில் உங்கள் புத்தகம் உலகம் பூராவும் கிடைக்கும் என்று வீடியோவில் ஒருவன் சொன்னான். பொய் சொல்லவில்லை. அவ்வளவுதான் வேலை.

முதலில் நான் பேசி எழுதினது வேறு. தீப்பெட்டி ஆபீசில் ஒரு சின்னப்பெண்ணின் கை வெந்தபோது மருந்து போடாமல் வீட்டுக்கு அனுப்பின கணக்கப்பிள்ளையின் மேசையில் ஏறி உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக்கு வண்டி வருகிறவரை இறங்க மாட்டேன் என்று வடிவு சொன்னதும், தெருக்குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சினவன் வீட்டு வயரைக் கத்தரியால் வெட்டிவிட்டு வெட்டினது நான்தான் என்று அவன் வீட்டுக் கதவைத் தட்டிச் சொன்னதும், கல்யாணமான புதிதில் நான் சாம்பார் உப்பு என்று தட்டைத் தள்ளினதற்கு, தள்ளின தட்டை எடுத்து என் தலையில் கவிழ்த்ததும், அன்றிலிருந்து எனக்கு அவள் மேல் ஆசை வந்ததும், எல்லாம் இருந்தது. இந்தப் பூமியில் என்னை ஏசத் தகுதி உள்ள ஆள் அவள் ஒருத்திதான் என்றும் ஒரு வரி இருந்தது.

வெளியிடுகிறதற்கு முன்னால் வடிவின் தம்பி அணஞ்சபெருமாள் படித்தான். மனை வாங்கி விற்கிற தரகன். அவன் படித்த ஒரே புத்தகம் அதுவாகத்தான் இருக்கும்.

"அத்தான், இது என்னது? எங்க அக்காவ வாயாடின்னு உலகத்துக்குச் சொல்லப்போறியளா?"

"வாயாடிதானல?"

"இருக்கட்டும். செத்துப்போனவள ஏசி எழுதுவாகளா? என் மகளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கேன். அத்தையப் போலத்தான மருமகளும் இருப்பான்னு கேக்க மாட்டானா?"

கேட்பான். எங்கள் பக்கம் அப்படித்தான் கேட்பார்கள். அவன் தனியாக வரவில்லை. சித்தி, பெரியம்மை, ஒன்றுவிட்ட மைனி என்று ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். எல்லாரும் சுற்றி உட்கார்ந்து, "செத்தவுக சாமி, சாமிய அப்படிச் சொல்லலாமா" என்று ஆளுக்கு ஒரு வரியாக எடுக்கச் சொன்னார்கள். ஒரு பக்கம் சமையல்காரன் அரிசி கேட்டு நின்றான், இன்னொரு பக்கம் பந்தல்காரன் போனில் கத்தினான், எனக்குத் தலை வலித்தது, தொலையட்டும் என்று எல்லாவற்றையும் அழித்தேன். அழித்த இடத்தில் அச்சகக்காரனின் மாதிரியில் இருந்ததையே வைத்தேன். அதிர்ந்து பேச அறியாதவர். இன்முகம் மாறாதவர். ஏவுமுன் செய்தவர். தனக்கென ஒரு கவளம் எடுத்து வைக்காதவர். அட்டையில் கடுகு நிறச் சேலை கட்டின அவள் படம்; தோள்பக்கம் ஒரு ரோஜாப்பூ ஒட்டியிருந்தது, அந்த மாதிரியோடு வந்தது, அதை எடுக்க எனக்குத் தெரியவில்லை. விலை இலவசம். பொத்தானை அமுக்கினேன்.

திவசத்தன்று பந்தியில் வெற்றிலைக்குப் பக்கத்தில் வைக்கக் காகிதம் இல்லை என்பதால் எல்லார் போனுக்கும் இணைப்பை அனுப்பினான் அணஞ்சபெருமாள். மரியாதைக்கு எல்லாரும் இறக்கிக்கொண்டார்கள். ஒருத்தரும் திறக்கவில்லை.

மறுநாள் வெயில் ஏறும்போது, கொண்டல்சாமி மெஸ்ஸின் பின்வாசலில், கடுகு நிறச் சேலையோடும் தோளில் வாடாத ரோஜாப்பூவோடும் வடிவு நின்றாள். அதே நேரத்தில் தபாலாபீஸ் சந்தில் ஒரு வீட்டில் நின்றாள், பள்ளிக்கூட வாத்தியார் வீட்டில் நின்றாள், அவள் தம்பி வீட்டு அடுப்படியில் நின்றாள், எந்த வீட்டில் யாருடைய போனில் அந்தப் புத்தகம் இறங்கியிருந்ததோ அந்த வீட்டிலெல்லாம் நின்றாள், சிரித்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் பயந்தார்கள்தான். வேப்பங்குலை கட்டினார்கள், சூடம் கொளுத்தினார்கள், அம்மன் கோவில் பூசாரி வந்து சாம்பலை விட்டெறிந்தார்; அந்தச் சாம்பலை அவள் துடைப்பத்தை எடுத்துக் கூட்டி அள்ளினாள். அதோடு பயம் போய்விட்டது. கூட்டுகிற பேயைக் கண்டு யார் பயப்படுவார்கள்? கொண்டல்சாமி மெஸ்ஸில் முதல் பெரிய சட்டியை அவள் முன்னால் நகர்த்தினது யார் என்று இன்றைக்கும் ஒருத்தரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நகர்த்தினார்கள். அவள் குந்தி உட்கார்ந்து தேய்த்தாள். முகம் தெரிகிற மாதிரி தேய்த்தாள்.

அவ்வளவுதான், ஊர் பிடித்துக்கொண்டது. மாவு ஆட்டினாள், மீன் கழுவினாள், ரேஷன் கடை வரிசையில் நின்றாள், படுத்த படுக்கையாகக் கிடந்த கிழடுகளைத் திருப்பிப் போட்டாள், பிள்ளைகளுக்குப் பீ கழுவினாள், தண்ணீர் விடுகிற நாளில் ஊர்க் குடத்தையெல்லாம் சுமந்தாள், ஏவுமுன் செய்தாள், இன்முகம் மாறவில்லை, ஒரு கவளம் கேட்கவில்லை, கேட்காததால் ஒருத்தரும் போடவில்லை. அதற்குள் ஊரில் அவளைப் பற்றிய பேச்சே மாறிவிட்டது. புத்தகத்தில் இல்லாதது, அதைப் போனில் வைத்திருந்தவர்கள் மண்டையிலிருந்தும் உதிர்ந்துபோயிற்று. கணக்கப்பிள்ளை மேசையில் அவள் ஏறினதை நேரில் பார்த்தவர்களே, "மைனி அந்தக் காலத்துலயே அமைதி. அதிர்ந்து ஒரு பேச்சு பேச மாட்டாக" என்றார்கள். மனதார நம்பிச் சொன்னார்கள்.

புத்தகம் ஓடியது. பக்கத்து ஊர்க்காரர்கள் இறக்கினார்கள். கொண்டல்சாமி தன் மெஸ்ஸில் வேலை பார்க்கிற ஒவ்வொருவன் போனிலும் இறக்கச் சொல்லி, பின்கட்டில் வரிசையாக வடிவுகளை உட்கார வைத்துவிட்டான். இணையக் கடையில் என் புத்தகத்துக்கு நட்சத்திரம் குவிந்தது. ஒருத்தன் எழுதியிருந்தான்: "மிகச் சிறந்த நூல். பாத்திரம் பளபளப்பு. கோலம் மட்டும் போடவில்லை. ஆசிரியர் அடுத்த பதிப்பில் கவனிக்கவும்." இன்னொருத்தி: "வெங்காயம் பொடியாக நறுக்க ஒரு அத்தியாயம் சேர்த்தால் உபயோகமாக இருக்கும்." எந்தப் பக்கம்வரை படித்திருக்கிறார்கள் என்று அந்தக் கடை எழுதியவனுக்குக் காட்டும். எல்லாரும் அட்டையோடு சரி. அட்டையைத் தாண்டி ஒரு நாய் போகவில்லை.

என் வீட்டுக்கும் வந்தாள். என் போனிலும் அந்தக் கருமம் இருந்ததே.

காப்பி கொண்டுவந்து வைத்தாள். நான் வேண்டுமென்றே, "இது காப்பியா, கழனித்தண்ணியா?" என்றேன். சிரித்தாள். எடுத்துக்கொண்டு போய் வேறு கொண்டுவந்தாள். தட்டைத் தள்ளினேன். சிரித்துக்கொண்டே பொறுக்கினாள். அப்போது எனக்கு ஏதோ ஒன்று ஞாபகம் வரவேண்டும் என்று பட்டது, தட்டைப் பற்றி ஏதோ ஒன்று, வரவில்லை. உள்ளே ஒரு ஆணி பிடுங்கின துளை மாதிரி இருந்தது. அவள் எப்படி ஏசுவாள்? ஏசினாளா? என்ன வார்த்தை? ஒன்றும் இல்லை. சுவரில் மாட்டின படத்தைப் பார்த்தேன். படமும் சிரித்தது.

சோறு போட்டு அவள் முன்னால் வைத்தேன். அதை அப்படியே எடுத்து எனக்குப் பரிமாறினாள். கையைப் பிடித்துப் பார்த்தேன். சோப்புத்தண்ணீரில் விரல் இடுக்கெல்லாம் வெடித்து, நகம் வெளுத்து, மணிக்கட்டில் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. ஒரு வீட்டில் அவள் தேய்ந்தால் எல்லா வீட்டிலும் தேய்ந்தாள். மெஸ்ஸுக்குப் போய்ப் பின்கட்டில் நின்று, "எந்திரி வடிவு, வீட்டுக்குப் போவோம்" என்று கத்தினேன். எல்லா வடிவும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சட்டியைத் தேய்த்தார்கள்.

"அண்ணாச்சி, தொழில் நடக்குற இடத்துல சத்தம் போடாதீக" என்றான் கொண்டல்சாமி.

"அவளுக்குச் சோறு போட்டியால?"

"அவுக கேக்கலியே."

அவனை அறைந்திருப்பேன். அவன் பெண்டாட்டி குறுக்கே வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்: "அண்ணாச்சி, கோவப்படாதீக. இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்து முதல் தடவையா நான் உக்காந்து சாப்பிட்டது இப்பத்தான்."

ஓங்கின கையை இறக்கினேன். வந்துவிட்டேன்.

புத்தகத்தைக் கடையிலிருந்து எடுத்தேன். புதிதாக இறக்க முடியாது; இறங்கினது இறங்கினதுதான், அது அவரவர் போனில் கிடக்கும் என்று கடை சொன்னது. வீடு வீடாகப் போய் அழிக்கச் சொன்னேன். "நீங்க குடுத்ததுதான" என்றார்கள். சிலர் கதவைச் சாத்தினார்கள். சரி, திருத்தி எழுதுவோம், திருத்தினால் இறக்கினவர்கள் போனிலும் மாறும் என்று வீடியோக்காரன் சொல்லியிருந்தான். உட்கார்ந்தேன். போனை வாய்க்கு நேரே பிடித்தேன். என்ன பேசினாலும் அதிர்ந்து பேச அறியாதவர் என்றுதான் வந்தது. போன் மேல் தப்பில்லை. என் வாயிலிருந்தே அதுதான் வந்தது. அவளைக் காப்பாற்ற வேண்டுமானால் அவள் பேசின ஒரு பேச்சாவது வேண்டும். அந்த ஒன்று எனக்கே இல்லை.

இதற்கிடையில் அணஞ்சபெருமாள் மகளுக்கு இடம் அமைந்தது. சாத்தூர்ப் பக்கம். நகை, சீர் எல்லாம் பேசி முடித்துவிட்டு, மாப்பிள்ளையின் அம்மா கடைசியாக ஒன்று கேட்டாளாம்: பெண்ணின் போனில் அந்தப் புத்தகம் இருக்க வேண்டும். இவன் தாம்பூலத்தில் வைத்துச் சத்தியம் பண்ணிவிட்டான். கூடப் பிறந்தவளைச் சீர்வரிசையில் வைத்தான். அதை என்னிடம் வந்து சந்தோஷமாகச் சொல்லவும் செய்தான். எச்சிலைத் துப்பிவிட்டு உள்ளே போனேன்.

அந்த வாரத்தில்தான் எதிர்வீட்டுக்காரி ஊர் திரும்பினாள்.

அவளுக்கும் வடிவுக்கும் எங்கள் தெருவில் குழாய் போட்ட நாளிலிருந்து பகை. தண்ணீர் விடுகிற நாளெல்லாம் சண்டை. யார் முதல் குடம் வைப்பது என்பதுதான் சண்டை; அதிலிருந்து கிளம்பி, பிறந்த வீடு, புகுந்த வீடு, மூன்று தலைமுறைக்கு முந்தின களவாணித்தனம்வரை போகும். மகள் பேறுகாலத்துக்குப் பம்பாய்க்குப் போனவள், வடிவின் தலைத்திவசத்துக்கும் இல்லை, இந்தக் கூத்துக்கும் இல்லை. அவளிடம் இருப்பது பொத்தான் போன். புத்தகம் இறங்காது.

ஆட்டோவிலிருந்து இறங்கினாள். அவள் வீட்டு முற்றத்தை வடிவு பெருக்கிக்கொண்டிருந்தாள். மருமகள் செய்த ஏற்பாடு. எதிர்வீட்டுக்காரி பையைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கையை வைத்துப் பார்த்தாள்.

"என்னட்டி, செத்தும் அடங்கலியா? என் வாசல்ல உனக்கு என்ன சோலி?"

வடிவு அவளைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துவிட்டு, அவள் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வைக்கப் போனாள்.

எதிர்வீட்டுக்காரியின் முகம் வெளுத்ததை நான் என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். துடைப்பத்தைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தாள். பின் தெருவைக் கடந்து, அவள் ஆயுசில் முதல்முறையாக, என் வீட்டுக்குள் வந்தாள்.

"அண்ணாச்சி. அது யாரு?"

"வடிவு."

"பொய் சொல்லாதயும். அவளாவது என்னையப் பாத்து இளிக்கவாவது. என் பையத் தூக்குதா. என் பையை. உம்ம பெண்டாட்டிய என்னவே பண்ணுனீரு?"

சொன்னேன். புத்தகம், தம்பி, அச்சகக்காரன் மாதிரி, எல்லாம். போனில் இருந்ததைப் படித்துக் காட்டினேன். ஏவுமுன் செய்தவர் என்ற இடத்தில் அவள் சிரித்தாள். கவளம் எடுத்து வைக்காதவர் என்ற இடத்தில் சிரிப்பு நின்றது.

"இவ்வளவு நாளா பட்டினியாவா கெடக்கா?"

"ஆமா."

"அவ பசி தாங்க மாட்டாளே. பசிச்சா அன்னைக்குச் சண்டை ரெண்டு பங்கு போடுவாளே." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "திருத்தும்."

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல, தாயி. அவ பேசுன ஒரு வார்த்தை வரமாட்டேங்கு."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கூடப் படுத்த மனுசனுக்கு ஞாபகம் இல்ல. எனக்கு அத்தனையும் மனப்பாடம். ராத்திரி பூரா படுத்துக்கிட்டு அவ பேசுனத ஒண்ணொண்ணா எடுத்து வச்சித்தான மறுநாளைக்குப் பதில் தயார் பண்ணுவேன். சும்மாவா வரும் சண்டை? எடும் அந்தப் போன."

நடு வீட்டில் எழுந்து நின்றாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். அப்புறம் அவள் பேசவில்லை, வடிவு பேசினாள். வடிவு கையை நீட்டுகிற மாதிரி நீட்டி, வடிவு மூச்சு வாங்குகிற இடத்தில் மூச்சு வாங்கி, குடம் இடித்த சண்டை, மோட்டார் வயர் வெட்டின சண்டை, எதிர்வீட்டுக்காரியின் புருஷன் செத்தபோது அழுதுகொண்டிருந்தவளை வந்து தூக்கி உட்காரவைத்து, "அழுதது போதும்ட்டி, எந்திரிச்சி நாலு வாய் தின்னு. உன் கூடச் சண்டை போட எனக்கு ஆள் வேணும்" என்று சோறு பிசைந்து ஊட்டினது, ஊட்டின கையோடு மறுவாரம் குழாயடியில் அவள் குடத்தை உருட்டிவிட்டது, ஊருக்குத் தெரிந்தது, தெரியாதது, என்னைப் பற்றித் தெருவில் வடிவு சொன்னது, அதில் பாதி நான் கேட்கக் கூடாதது, எல்லாம் அணை உடைந்த மாதிரி வந்தது. கேட்கக் கேட்க எனக்குள் இருந்த துளை அடைபட்டது. தட்டு ஞாபகம் வந்தது. சாம்பார் தலையிலிருந்து காதுக்குள் இறங்கின சூடு ஞாபகம் வந்தது.

போன்தான் தகராறு பண்ணியது. முக்கியமான வார்த்தை வருகிற இடமெல்லாம் அது நட்சத்திரம் போட்டுக்கொண்டே போனது.

"இது என்ன, பொட்டு பொட்டா?"

"கெட்ட வார்த்தையாம். எழுத மாட்டேங்கு."

"அதுக்கு என்ன அவ்வளவு வெக்கம்? அவளுக்கே கெடையாது."

ஒற்றை விரலால் ஒவ்வொரு நட்சத்திரத்தையும் அழித்து, அந்த இடத்தில் வடிவின் வார்த்தையை நானே எழுத்தெழுத்தாக அடித்தேன். அவள் பக்கத்தில் குனிந்து நின்று, "அது இல்லவே, அதுக்கு முன்னால உங்க ஆத்தான்னு ஒண்ணு வரும்" என்று சரிபார்த்தாள்.

அணஞ்சபெருமாளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. வாசலில் வந்து நின்றான்.

"அத்தான், அந்த அசிங்கத்த ஏத்துனியன்னா என் மக கல்யாணம் நின்னுபோகும்."

"நிக்கட்டும்."

"குடும்ப மானம் போகும்."

எதிர்வீட்டுக்காரி நிமிரவே இல்லை. "அக்காளத் தாம்பாளத்துல வச்சிக் குடுத்தவனுக்கு எங்க கெடக்கு மானம்? இந்தத் தம்பியப் பத்தி வடிவு சொன்னது ஒரு பக்கத்துக்கு இருக்கு, அண்ணாச்சி. அதையும் போட்டுருவமா?"

"போடு."

"நான் உங்க வாசல இனி மிதிக்க மாட்டேன், அத்தான்."

"ரொம்ப நல்லது."

போனான். அந்தப் பக்கத்தையும் போட்டோம். கடையின் படிவத்தில், இந்தப் புத்தகத்தில் வயது வந்தவர்களுக்கான சொற்கள் உள்ளனவா என்று ஒரு கட்டம் இருந்தது. டிக் போட்டேன். மாற்றத்துக்குக் காரணம் என்ன என்று கேட்டது. முதல் பதிப்பு பொய் என்று எழுதினேன். அமுக்கினேன்.

ஒரு நாள் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்த நாள் மத்தியானம், ஊர் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரத்தில், போன்களெல்லாம் ஒரு தரம் முனகின.

கொண்டல்சாமி மெஸ்ஸின் பின்கட்டில் எல்லாச் சட்டியும் ஒரே நேரத்தில் தரையில் விழுந்தது. வாத்தியார் வீட்டில் ஆட்டுரல் நின்றது. படுக்கையில் கிடந்த கிழவன் பாதி திரும்பினபடி கிடந்தான். எல்லா வீட்டிலும் வடிவு எழுந்தாள், தோளில் ஒட்டியிருந்த ரோஜாப்பூவைப் பிய்த்துக் காலடியில் போட்டாள், வாய் திறந்தாள். முதலில் சொன்னது எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

"சோத்தப் போடு."

போட்டார்கள். யாராலும் போடாமல் இருக்க முடியவில்லை. அன்றைக்கு வெம்பக்குளத்தில் சமைத்த அத்தனை சோற்றையும் அவள் தின்றாள், ரசத்தைச் சட்டியோடு தூக்கிக் குடித்தாள், கருவாட்டை முள்ளோடு மென்றாள், தின்றுகொண்டே பேசினாள். ஒவ்வொரு வீட்டிலும் அந்தந்த வீட்டுக்கு உரியதைப் பேசினாள். இத்தனை நாள் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள். வாத்தியார் வீட்டில் வாத்தியார் ஒளித்து வைத்திருந்ததைச் சொன்னாள். தம்பி வீட்டில், சாத்தூர் சம்பந்தி சீர்வரிசை பார்க்க வந்திருந்த நேரம், தம்பி பெரியவனானதிலிருந்து பண்ணின காரியத்தையெல்லாம் வரிசையாகச் சொல்லி, அவன் மகளைப் பார்த்து, "உனக்கு இந்த எடம் வேண்டாம்ட்டி. உன் மாமியா மூஞ்சியப் பாரு, போன்ல வேலைக்கு ஆள் கேக்குற மூஞ்சி" என்றாள். பெண் எழுந்து உள்ளே போய்விட்டாளாம். மெஸ்ஸில் கொண்டல்சாமியின் பெண்டாட்டியை மட்டும் ஒன்றும் ஏசவில்லை. "உக்காந்து தின்னியே, அது நல்லாருந்துச்சில்ல? அப்புறம் ஏன் எந்திரிக்க?" என்று கேட்டாள். அவள் எழுந்திருக்கவில்லை. இன்றைக்கும் அந்த மெஸ்ஸில் மத்தியானச் சட்டியைக் கொண்டல்சாமிதான் தேய்க்கிறான். முகம் தெரியாது. தேய்க்கிறான்.

தின்று முடித்து, எல்லா வடிவும் கையைக்கூடக் கழுவாமல் எங்கள் தெருக் குழாயடிக்கு வந்தார்கள். அன்று தண்ணீர் விடுகிற நாள். குழாயடியில் எதிர்வீட்டுக்காரி குடத்தோடு நின்றாள். தெரு முழுக்கக் கடுகு நிறச் சேலை.

"ஒருத்தியா இருந்தப்பவே தாங்கல. இப்ப ஊரையே கூட்டிக்கிட்டு வந்துருக்கியா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

பிடித்தது சண்டை. நான் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டேன். அந்த மாதிரி ஒரு சண்டையை வெம்பக்குளம் அதற்கு முன்னால் கண்டதில்லை. ஒரு பக்கம் ஒரே ஒருத்தி, மறுபக்கம் தெருக்கோடிவரை வடிவு, இவள் ஒன்று சொல்ல அத்தனை வாயும் பதில் சொல்ல, பதிலுக்கு இவள் பதில் சொல்ல, ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு வடிவு பக்கத்தில் நின்ற வடிவுக்குள் போய்விட, குழாயில் தண்ணீர் வந்து குடம் நிறைந்து வழிந்து தெருவில் ஓடியும் ஒருத்தரும் அதைப் பார்க்கவில்லை. வெயில் சாய்ந்தபோது ஒரே ஒரு வடிவு நின்றாள். விரல்வெடிப்பு மறைந்து, கை பழைய கையாக இருந்தது.

"நான் செத்தாத்தான் உனக்கு முதல் குடம்னு சொன்னேன்ல," என்றாள் வடிவு. "செத்தேன். வச்சியா?"

எதிர்வீட்டுக்காரி விடவில்லை. "யாரு வச்சா? நீ செத்த நாள்லேருந்து ரெண்டாவது குடம்தான் பிடிக்கேன். முதல் குடத்துக்கு எடம் விட்டுத்தான் வைக்கேன். பம்பாய் போற வரைக்கும் அப்படித்தான். தெருவுல கேட்டுக்க. உன் பிச்சை எனக்கு வேண்டாம்ட்டி."

வடிவுக்குப் பதில் வரவில்லை. வாழ்நாளில் அது ஒன்றுதான். அப்புறம் படியேறி என்னிடம் வந்து, என் போனைப் பிடுங்கி அட்டையைப் பார்த்தாள்.

"ஊர்ல வேற போட்டோவே கெடைக்கலியாக்கும்? மூதி," என்றாள்.

அவ்வளவுதான். போய்விட்டாள். போன் சூடாக இருந்தது.

புத்தகம் இப்போது மறுபடியும் கடையில் இருக்கிறது. இறக்குகிறவன் வீட்டுக்கு ஒருத்தியும் வருவதில்லை. நட்சத்திரம் குறைந்துவிட்டது, ஏமாற்றிவிட்டார்கள், வெறும் சண்டையாக இருக்கிறது, பெண்கள் படிக்கத் தகாதது என்று எழுதுகிறார்கள். எழுதட்டும். கடைசிப் பக்கம்வரை போகிறார்கள், கடை காட்டுகிறது. எனக்கு அது போதும். அட்டையை மட்டும் ஒரு தடவை திருத்தினேன். படம் வேறு போட்டேன், வாய் திறந்தபடி இருக்கிற ஒன்று, கல்யாண வீட்டில் யாரையோ ஏசும்போது எவனோ எடுத்தது. கீழே ஆசிரியர் என்ற இடத்தில் ஆவுடையப்பன் என்று என் பேர் இருந்தது. நான் எழுதினது என்ன? மொட்டை டயர். அதை அழித்துவிட்டு, எழுதினவள், எதிர்வீட்டுக்காரி பேரை அடித்தேன்: முப்பிடாதி.